மது வாங்க வருவோரின் கடவுச்சீட்டு: சிறு கடைக்காரர்களாகிய எங்கள் நிலைப்பாடு

எந்த நாட்டுக் கடவுச்சீட்டை நீட்டினாலும் அதை வயதுக்குச் சான்றாக ஏற்போம். கடவுச்சீட்டைத்தான் கொண்டுவர வேண்டும் என்று எவரிடமும் கேட்கமாட்டோம். இலண்டனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மது விற்கும் அனுமதியோடு சிறு கடை நடத்தும் தமிழ் வணிகர்களாகிய எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கான காரணங்களும், கவுண்டரில் நிற்பவருக்கு வரக்கூடிய சந்தேகங்களுக்குப் பதில்களும்.

இதை எழுத்தில் வைக்க வேண்டியதாகிவிட்டது. எங்கள் உறுப்பினர்களின் கடைகளிலேயே ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறது. ஒரு கடையின் கண்ணாடியில் ‘பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும்’ என்று தாள் ஒட்டியிருக்கிறது. அடுத்த தெருக் கடையிலோ கைபேசியில் எடுத்து வைத்த கடவுச்சீட்டுப் படத்தைக் காட்டினாலே போத்தல் பைக்குள் போய்விடுகிறது. முதல் கடையில் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த 24 வயது மாணவியைத் திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டாவதில் 17 வயதுப் பொடியன் யாருடையதோ படத்தைக் காட்டி வோட்கா வாங்கிக்கொண்டு போகிறான். சட்டத்துக்குப் பயந்து அப்படிச் செய்வதாக முதலாமவர் சொல்கிறார்; வந்த வியாபாரத்தைத் துரத்தக்கூடாது என்று மற்றவர் சொல்கிறார். இருவருமே சட்டத்தை வாசிக்கவில்லை என்பது எங்கள் கணிப்பு.

சட்டம் கேட்பது என்ன?

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய 2003 ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதைக் குற்றமாக்குகிறது. 2010 ஒக்டோபரிலிருந்து, மது விற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் வயதைச் சரிபார்க்கும் கொள்கை ஒன்று இருக்க வேண்டும் என்பது கட்டாய நிபந்தனை. வயது குறைந்தவராகத் தெரிபவரிடம், மதுவைக் கொடுப்பதற்கு முன், அடையாள ஆவணம் கேட்க வேண்டும். அந்த ஆவணத்தில் இருக்க வேண்டியவை மூன்று: ஆளின் படம், பிறந்த திகதி, ஹோலோகிராம் முத்திரை அல்லது புறஊதா ஒளியில் தெரியும் குறி. கடைசியில் சொன்ன புறஊதாக் குறி 2014 இல் விதியைத் திருத்தியபோது சேர்ந்தது.

அந்த நிபந்தனையில் ‘பிரித்தானிய’ என்ற சொல் இல்லை. கடவுச்சீட்டு என்ற சொல்கூட இல்லை. ஆவணம் எந்த நாட்டில், எந்த மொழியில் அச்சானது என்பதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் கிடையாது. மூன்றும் இருந்தால் போதும். ஸ்கொட்லாந்தில் வழி வேறு. அங்கே ஏற்கத்தக்க ஆவணங்களை விதியே பட்டியலிட்டிருக்கிறது. அதிலும் கடவுச்சீட்டு இருக்கிறது, நாடு குறிப்பிடாமல். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற எவரிடமும் சான்று கேட்கும் ‘சலஞ்ச் 25’ முறை அங்கே 2011 ஒக்டோபர் முதல் சட்டக் கட்டாயம். இங்கிலாந்தில் அது வணிகர்கள் தாமாக ஏற்றுக்கொண்ட வழக்கம். ஆனால் பல கடைகளின் அனுமதிப்பத்திரத்தில் கவுன்சில் அதையே நிபந்தனையாகச் சேர்த்திருப்பதால், அந்தக் கடைகளுக்கு அதுவும் கட்டாயம்தான்.

தவறி விற்றுவிட்டால் கடைக்காரர் தப்பிக்கச் சட்டம் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. வாங்கியவருக்கு 18 ஆகிவிட்டது என்று நம்பியிருக்க வேண்டும். வயதுக்குச் சான்று கேட்டிருக்க வேண்டும். காட்டிய சான்று நியாயமான எந்த ஆளையும் நம்பவைக்கக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். பார்த்த மாத்திரத்தில் 18 க்குக் குறைவு என்று எவரும் சந்தேகப்பட்டிருக்க முடியாத தோற்றம் என்றாலும் தப்பலாம். ஆனால் கவுண்டரில் நிற்பவர் தோற்றத்தை நம்பிப் பந்தயம் கட்டக்கூடாது. உலகத்தில் அச்சாகும் ஆவணங்களில் ‘நியாயமான எந்த ஆளையும் நம்பவைக்கும்’ என்று சொல்லத் தகுந்தது கடவுச்சீட்டை விட வேறொன்று இருக்கிறதா?

வெளிநாட்டுக் கடவுச்சீட்டை வாசிக்க முடியாது என்ற சாக்கு

‘எனக்குப் பழக்கமில்லாத கடவுச்சீட்டு, பொய்யா மெய்யா என்று எப்படித் தெரியும்?’ உறுப்பினர்களிடமிருந்து அதிகம் வரும் மறுப்பு இதுதான். பாதி நியாயமான மறுப்பு. ஆனால் கடவுச்சீட்டு என்பது நாட்டுக்கு நாடு இஷ்டம்போல் அச்சிடும் பொருள் அல்ல. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 ஆம் இலக்க ஆவணம் அதன் படப் பக்கத்தை அங்குலம் அங்குலமாக வகுத்து வைத்திருக்கிறது. கொழும்பில் அச்சானாலும், சென்னையிலிருந்து வாங்கி வந்ததானாலும், பிரேசிலிலிருந்து வந்தாலும், திகதி கிரகோரியன் நாட்காட்டியில் இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரி இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள்.

இரண்டாவது வரியைப் பாருங்கள். முதல் ஒன்பது இடம் கடவுச்சீட்டின் எண்ணுக்கு. பத்தாவது ஒரு சரிபார்ப்பு இலக்கம். அடுத்த மூன்று எழுத்து நாட்டைச் சொல்லும். 14 ஆம் இடத்திலிருந்து 19 ஆம் இடம் வரையுள்ள ஆறு இலக்கம் பிறந்த திகதி. ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் இருக்கும். 070315 என்றிருந்தால் 2007 மார்ச் 15 இல் பிறந்தவர். மேலே அச்சிட்ட திகதியும் கீழே உள்ள ஆறு இலக்கமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் விற்காதீர்கள். 20 ஆவது இடத்தில் இருக்கும் இலக்கம் அந்தத் திகதியை 7, 3, 1 என்ற எண்களால் பெருக்கிக் கூட்டிக் கண்டுபிடிப்பது. வெள்ளி இரவு வரிசையில் ஆறு பேர் நிற்கும்போது அதை மனக்கணக்காகப் பார்க்கும்படி நாங்கள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஸ்கானர் வைத்திருப்பவர்களுக்கு அது தானாகவே பார்த்துக்கொள்ளும். மற்றவர்களுக்குக் கவுண்டருக்கு அடியில் ஒரு சிறிய புறஊதா விளக்கு இருந்தால் போதும்.

இங்கே பெயர் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து வரும் மாணவர்களின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் சில வேளை காலியாக இருக்கும். இலங்கைக் கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் ஓரிடத்தில், சொந்தப் பெயர் ஓரிடத்தில், வங்கி அட்டையில் இரண்டும் இடம் மாறி. ‘கார்டில் இருக்கும் பெயர் வேறு, பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் வேறு’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிய கடைகள் எங்களிடையே உண்டு. தமிழ்ப் பெயர் எப்படி எழுதப்படும் என்று தெரிந்த தமிழர் நடத்தும் கடையில் இது நடப்பது வேடிக்கை. வயதைச் சரிபார்க்கும் நிபந்தனை பெயரைக் கேட்கவே இல்லை. காசு யாருடையது என்பது வங்கியின் கவலை. எங்கள் கவலை வயது.

‘பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும்’ என்ற தாளுக்குச் சட்டத்திலும் ஆபத்து இருக்கிறது. 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் ‘இனம்’ என்பதற்குள் தேசிய இனமும் குடியுரிமையும் அடங்கும். இன்ன நாட்டுக் குடியுரிமை உள்ளவரின் சான்றை மட்டும் ஏற்பேன் என்று சேவை தருபவர் சொன்னால், அது பாகுபாடு என்ற வழக்குக்கு வழிவிடும். வழக்கு வருமா வராதா என்பதை விடுவோம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடோ, அதுகூட இல்லாமலோ இந்த நாட்டில் வந்து இறங்கிய தலைமுறை எங்களுடையது. அந்தத் தலைமுறையில் ஒருவர் தன் கடைக் கண்ணாடியில் அப்படி ஒரு தாளை ஒட்டியிருப்பதை நியாயப்படுத்த எங்களுக்கு வாய் வரவில்லை.

ஏன் கட்டாயமாகக் கேட்கமாட்டோம்?

ஒரு போத்தல் வைன் வாங்குவதற்காகக் கடவுச்சீட்டைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெள்ளி இரவு வெளியே போகும்படி எந்த இளைஞரையும் ஊக்குவிப்பது பொறுப்பில்லாத செயல். 2025 ஏப்ரலில் வயதுவந்தவருக்கான பிரித்தானியக் கடவுச்சீட்டின் இணைய விண்ணப்பக் கட்டணம் 94.50 பவுணாக உயர்ந்தது. தொலைந்தது என்று அறிவித்துவிட்டால், மறுநாள் சோபாவுக்கு அடியில் கிடைத்தாலும் அந்தப் புத்தகம் பயணத்துக்கு உதவாது, ரத்தானது ரத்தானதுதான்.

பிரித்தானியருக்கே இப்படியென்றால் மற்றவர்களின் நிலை இதைவிட மோசம். இந்திய மாணவர் ஒருவர் தொலைத்தால் பொலிஸில் முறையிட்டு, தூதரகத்துக்கு விண்ணப்பித்து, புதியது கைக்கு வந்தபின் தன் மின் வீசாக் கணக்கிலும் புதிய எண்ணைப் பதிய வேண்டும். அதுவரை ஊருக்குப் போகவும் முடியாது. அம்மாவுக்குச் சுகமில்லை என்று தகவல் வந்தாலும் அவசர ஆவணத்துக்கு அலைய வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டென்றால் விண்ணப்பம் கொழும்புக்குப் போய்த் திரும்ப வேண்டும். அடைக்கலம் கேட்டு முடிவுக்காகக் காத்திருப்பவரிடம் கடவுச்சீட்டே இருக்காது. அதை உள்துறை அமைச்சு வாங்கி வைத்திருக்கும். அகதியாக ஏற்கப்பட்டவர் தன் நாட்டுத் தூதரகத்தின் படியை மிதிக்க விரும்பமாட்டார், விரும்பவும் கூடாது. இவர்கள் எல்லாருமே எங்கள் வாடிக்கையாளர்கள். டூட்டிங்கிலும் ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் இவர்கள் இல்லாமல் எங்கள் கடைகள் இல்லை.

இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒரு தேசிய அடையாள அட்டை இல்லாததே சிக்கலின் வேர். போர்க்கால அட்டை 1952 இல் ஒழிந்தது. 2006 இல் மீண்டும் ஒன்றுக்குச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2010 டிசெம்பரில் அதையும் நீக்கினார்கள். அட்டை வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய வாதத்துக்குள் நாங்கள் போகவில்லை. அட்டை இல்லாத நாட்டில் கடவுச்சீட்டு அட்டையின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது, அவ்வளவே.

அந்த வேலையைச் செய்ய வேறு இரண்டு ஆவணங்கள் இருக்கின்றன. முதலாவது, படமுள்ள சாரதி அனுமதிப்பத்திரம். வாகனம் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. பழகுநருக்கான தற்காலிக அனுமதிப்பத்திரமே போதும். 15 வயதும் 9 மாதமும் ஆனவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். இணையத்தில் கட்டணம் 34 பவுண். இங்கே குறைந்தது 185 நாள் தங்க அனுமதி உள்ள வெளிநாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டாவது, ‘பாஸ்’ ஹோலோகிராம் முத்திரை தாங்கிய வயதுச் சான்று அட்டை. ‘சிட்டிசன்கார்ட்’ போன்றவை இந்த வகை. கடவுச்சீட்டை விட மிக மலிவு. பணப்பையில் அடங்கும். தொலைந்தால் மனம் கொஞ்சம் வருந்தும். பயணம் எதுவும் நிற்காது. பொலிஸ் தலைமைகளும் உள்துறை அமைச்சும் ஆதரிக்கும் அட்டை இது. இருந்தும் ‘இது என்ன அட்டை?’ என்று கேட்டுத் திருப்பிக் கொடுக்கும் கடைகள் உண்டு. அந்தக் கடைகளில் எங்கள் உறுப்பினர் கடை ஒன்றும் இனி இருக்கக்கூடாது.

அரசு உண்டாக்கிய இடைவெளி

இதில் அரசோடு எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெளிநாட்டவர் இங்கே வாழ்வதற்கான அனுமதியைக் காட்டும் உயிரியளவை வதிவிட அட்டைகள் பெரும்பாலும் 2024 டிசெம்பர் 31 ஆம் திகதியோடு முடிந்துவிட்டன. அவற்றின் இடத்துக்கு வந்தது மின் வீசா. வேலை தருபவரும் வீட்டுக்காரரும் அதை இணையத்தில் ஒரு குறியீட்டைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். கடைக் கவுண்டரில் அது எதற்கும் உதவாது. ஹோலோகிராமும் இல்லை, புறஊதாக் குறியும் இல்லை. இருப்பது திரை மட்டும்.

பழைய அட்டையில் படம் இருந்தது, பிறந்த திகதி இருந்தது, ஹோலோகிராம் இருந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்களும் தொழிலாளரும் அகதிகளும் பணப்பையில் வைத்திருந்த ஒரே வயதுச் சான்று அதுதான். குடிவரவுத் துறை தன் வசதிக்காக அட்டையை எடுத்துவிட்டபோது, அதை மற்ற இடங்களில் எதற்கெல்லாம் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்று கேட்டதாகத் தெரியவில்லை. விளைவாக, முன்பு அட்டை காட்டியவர் இன்று கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு வருகிறார், அல்லது எங்கள் கவுண்டரில் சண்டை பிடிக்கிறார்.

அடையாளத்தைக் கைபேசியிலேயே காட்டி மது வாங்கும் வழி வரும் என்று 2024 டிசெம்பரில் அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் ஒரு விடயத்தை உறுப்பினர்கள் குழப்பிக்கொள்ளக்கூடாது. தரச் சான்று பெற்ற செயலியை விதி ஏற்பது வேறு. கடவுச்சீட்டைப் படம் பிடித்து வைத்திருப்பது வேறு. படம் பிடித்ததை எவரும் பத்து நிமிடத்தில் திருத்தலாம். அது எக்காலத்திலும் சான்று ஆகாது.

காலாவதியானது, கிழிந்தது, ஊரிலிருந்து வந்தது

காலாவதியான கடவுச்சீட்டைப் பற்றி எங்கள் நிர்வாகக் குழுவுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் பல செல்லுபடியாகும் திகதி முடிந்ததை ஏற்பதில்லை. நாங்களும் அப்படியே இருந்தால் வாக்குவாதம் குறையும் என்றார்கள் சிலர். கடவுச்சீட்டு காலாவதியாகும், பிறந்த நாள் காலாவதியாகுமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். கட்டாய நிபந்தனையில் செல்லுபடியாகும் திகதி பற்றி எதுவும் இல்லை என்பதால் பெரும்பான்மை இரண்டாவது பக்கம் சாய்ந்தது. எனவே, முடிந்து இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட, மூலை வெட்டப்படாத, படத்தில் ஆளை அடையாளம் காணக்கூடிய கடவுச்சீட்டை ஏற்கலாம். திகதி முடிந்த வதிவிட அட்டைக்கும் இதே அளவுகோல். உங்கள் அனுமதிப்பத்திரத்திலோ கடையின் எழுத்துக் கொள்கையிலோ ‘செல்லுபடியாகும்’ என்ற சொல் இருந்தால் இது உங்களுக்குப் பொருந்தாது. அந்தச் சொல்லை முதலில் மாற்ற வேண்டும்.

புதியது எடுத்தபின் மூலை வெட்டித் திருப்பி அனுப்பிய பழைய புத்தகம் வேண்டாம். ஒளிநகல் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அடையாள அட்டையோடு பெரும்பாலோர் இப்போது இந்த நாட்டுக்குள் வர முடியாது. ஆனால் மூன்று அம்சங்களும் உள்ள அட்டை வயதுக்குச் சான்றாவதற்கு அது தடையல்ல, ஏற்கலாம்.

இலங்கைத் தேசிய அடையாள அட்டையை நீட்டுகிறவர்களும் உண்டு. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும் என்பது எங்களில் பலருக்கு மனப்பாடம். ஆளைப் பார்க்காமலே வயதைச் சொல்லிவிடுவோம். இருந்தாலும் பழைய லமினேட் அட்டையில் நிபந்தனை கேட்கும் பாதுகாப்புக் குறி இல்லை. ‘அண்ணா, எங்கட அட்டைதானே’ என்று கேட்டாலும் மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

தமையனின் கடவுச்சீட்டு

போலிக் கடவுச்சீட்டை விட எங்கள் கடைகளுக்கு அதிகம் வரக்கூடியது உண்மையான கடவுச்சீட்டுத்தான், ஆள்தான் வேறு. 17 வயதுத் தம்பி, 20 வயது அண்ணனுடையதை எடுத்துக்கொண்டு வருகிறான். ஹோலோகிராம் சரி, விளக்குப் பிடித்தால் எல்லாம் மின்னும், 44 இடமும் சரி. சாயலும் கொஞ்சம் இருக்கும். அதனால் திகதியைப் பார்க்கும் முன் படத்தைப் பாருங்கள். காது, மூக்கு, புருவத்துக்கு இடையேயான தூரம் ஆகியவை தலைமுடியோடும் தாடியோடும் மாறுவதில்லை. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிறந்த ஊரைக் கேளுங்கள். அண்ணன் யாழ்ப்பாணத்தில் பிறந்திருப்பான். தம்பி பெரும்பாலும் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில். யோசித்துப் பதில் சொன்னால் விற்காதீர்கள்.

இதைச் செய்கிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒன்று தெரிய வேண்டும். 2010 ஆம் ஆண்டின் அடையாள ஆவணச் சட்டத்தின்படி, இன்னொருவருக்கு உரிய உண்மையான ஆவணத்தைத் தன் அடையாளமாகக் காட்டும் நோக்கத்தோடு வைத்திருப்பதும் போலியை வைத்திருப்பதோடு சேர்ந்த குற்றம். அதற்குரிய உச்சத் தண்டனை பத்தாண்டுச் சிறை. ஒரு போத்தலுக்காக யாரையும் பத்தாண்டு உள்ளே போடப்போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கும் வயதில் பொலிஸ் பதிவொன்று தேவையா?

சந்தேகம் வந்தால் விற்பனையை மறுத்து, மறுப்புப் பதிவேட்டில் எழுதி, புத்தகத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொள்ளும் அதிகாரம் கடைக்காரருக்கு இல்லை. ‘நாளைக்குக் காசு தாறன், இதை வைத்திருங்கோ’ என்று கடனுக்கு அடகாகத் தந்தாலும் வாங்கக்கூடாது. படப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பதும் கூடாது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வயதைப் பார்த்தால் வேலை முடிந்தது.

கவுண்டரில் நிற்பவர்

வயதுச் சான்று பற்றிய பேச்செல்லாம் முதலாளியைச் சுற்றியே நடக்கிறது. தண்டம் முதலில் விழுவது விற்றவர் மேல். கவுண்டரில் நிற்பவருக்குப் பொலிஸார் கொடுக்கக்கூடிய உடனடித் தண்டம் 90 பவுண். நீதிமன்றத்துக்குப் போனால் இங்கிலாந்தில் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. அங்கே நிற்பவர் பெரும்பாலும் யார்? மாணவர் வீசாவில் வாரத்துக்கு 20 மணி வேலை செய்யும் பிள்ளை, அல்லது அண்மையில் வந்து சேர்ந்த மருமகன். வீசாவைப் புதுப்பிக்க வேண்டியவருக்கு ஒரு வழக்கு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

முதலாளியும் தப்ப முடியாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை வயது குறைந்தவருக்கு விற்றது நிரூபணமானால் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு அபராதம் விழும். நீதிமன்றம் மது விற்பனை அனுமதியை மூன்று மாதம் வரை நிறுத்தியும் வைக்கலாம். வழக்குக்குப் பதிலாக 48 மணி முதல் 336 மணி வரை மது விற்பனையை மூடி வைக்க ஒப்புக்கொள்ளும் வழியும் இருக்கிறது. 336 மணி என்றால் இரண்டு வாரம். இரண்டு வாரம் மது விற்காமல் கடை வாடகை கட்டக்கூடிய உறுப்பினர்கள் எங்களிடம் அதிகம் இல்லை.

ஆகவே எழுதி, ஒட்டி, வேலைக்கு வந்த முதல் நாளே விளங்கப்படுத்திய தெளிவான விதி தொழிலாளிக்குக் காப்பு. ‘பார்த்துச் செய்’ என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போகிற முதலாளி, பிழை நடந்தபின் தொழிலாளியைக் கடிந்துகொள்ள உரிமையற்றவர். சான்று கேட்டதற்காகத் திட்டும் தள்ளலும் வாங்குவதும் இவர்களே. ஸ்கொட்லாந்து 2021 இல் இதற்கென்று தனிச் சட்டம் இயற்றி, வயது விதியைச் செயல்படுத்தும் கடைத் தொழிலாளியைத் தாக்குவதைத் தண்டனையைக் கூட்டும் காரணமாக்கியிருக்கிறது. அந்த அக்கறையை எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் எதிர்பார்க்கிறோம்.

நாங்கள் கேட்பவை

உள்துறை அமைச்சிடம்: வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வயதுக்குச் சான்றாகும் என்பதை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரிய வழிகாட்டலில் ஐயமில்லாமல் ஒரே வரியில் எழுதுங்கள்; காலாவதி பற்றி என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மின் வீசா உள்ளவருக்கு, வதிவிட அட்டை இருந்த இடத்தில், ‘பாஸ்’ முத்திரை அட்டை ஒன்றைக் கட்டணமில்லாமல் பெற வழி செய்யுங்கள். அட்டையை எடுத்தவர்கள் நீங்கள்.

கவுன்சில்களிடமும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளிடமும்: வயது குறைந்தவர்களை அனுப்பிச் சோதிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அதே அக்கறையோடு ஆண்டுக்கொரு முறை வந்து, எங்கள் தொழிலாளர்களுக்குத் தமிழிலும் விளங்கும்படி ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தால் சோதனையில் தவறுவோர் குறைவார்கள்.

பல்கலைக்கழகங்களிலுள்ள தமிழ் மாணவர் அமைப்புகளிடம்: செப்டெம்பரில் வந்து இறங்கும் புதிய மாணவர்களுக்கு வங்கிக் கணக்கு, சிம் அட்டை பற்றிச் சொல்லும்போதே வயது அட்டை பற்றியும் சொல்லிவிடுங்கள். கடவுச்சீட்டு அறையில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும்.

உறுப்பினர்களிடம் கடைசியாக ஒன்று. கடையின் வயதுச் சரிபார்ப்புக் கொள்கை என்ற தாள் உங்கள் கோப்பில் எங்கோ இருக்கும். இன்றிரவு கடை மூடுமுன் எடுத்துப் பாருங்கள். அதில் ‘பிரித்தானியக் கடவுச்சீட்டு’ என்று இருந்தால் முதற்சொல்லை வெட்டிவிட்டு, அனுமதிப்பத்திர மேற்பார்வையாளர் கையொப்பமிட்டு, தொழிலாளர் எல்லாரிடமும் ஒப்பம் வாங்குங்கள். அதே சொல் அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே இருந்தால் வெட்டுவதற்கு உங்களுக்கு அதிகாரமில்லை. கவுன்சிலுக்குச் சிறு மாற்றத்துக்கான விண்ணப்பம் போட வேண்டும், கட்டணம் 89 பவுண். விண்ணப்பத்தை நிரப்பச் சங்கம் உதவும்.